வேன் கூரை சோலார்: வாட் கணக்கு போதும், யூனிட் கணக்கு சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எலக்ட்ரிக் வேன் பத்தி எங்க பேச்சு வந்தாலும் பின்னாலேயே ஒரு கேள்வி வந்துடுது, மேல அவ்வளவு பெரிய கூரை சும்மாதானே கெடக்கு, சோலார் பேனல் போட்டுட்டா சார்ஜ் போடவே வேணாமேன்னு. நான் வண்டிகளுக்கு வயரிங் வேலை பாக்குறவன், வேன் கூரைல பேனல் மாட்டிக் குடுக்குற வேலையும் செய்றேன், அதனால இந்தக் கேள்விய அடிக்கடி கேக்குறேன். பத்திரிகைகள்லயும் விளம்பரங்கள்லயும் "சூரிய சக்தியில் ஓடும் வேன்"னு தலைப்பு போட்டுட்டு 1000 வாட், 1200 வாட்னு ஒரு நம்பர சொல்லி முடிச்சுடுறாங்க. அந்த வாட் நம்பர வெச்சு வாங்குறவங்க எதையும் முடிவு பண்ண முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வண்டியோட பேட்டரிக்குள்ள போய்ச் சேருது, அத வெச்சு எவ்வளவு தூரம் ஓட்டலாம், இதத்தான் சொல்லணும். அந்தக் கணக்க இங்க போட்டுக் காட்டுறேன், கொஞ்சம் நீளமா போகும், தயவுசெஞ்சு வெட்டாம போடுங்க.

பெரிய சரக்கு வேன் ஒண்ணோட கூரைய எடுத்துக்குவோம். முன்பக்க வளைவு, ஓரத்து வளைவு, காத்து போற தொறப்பு எல்லாத்தையும் கழிச்சா பேனல் வைக்க மிஞ்சுறது சுமாரா 5 சதுர மீட்டர். உச்சி வெயில்ல ஒரு சதுர மீட்டர் மேல விழுற வெளிச்சத்தோட சக்தி கிட்டத்தட்ட 1000 வாட், இப்ப கெடைக்கிற நல்ல பேனல் அதுல 20 லேர்ந்து 22 சதவீதத்த கரண்டா மாத்தும், அப்ப 5 சதுர மீட்டருக்கு 1000 வாட் சொச்சம் வருது. விளம்பரத்துல பாக்குற நம்பர் இதுதான். ஆனா அது லேப்ல செல்லோட சூடு 25 டிகிரியா இருக்கும்போது எடுத்த அளவு. வெயில்ல நிக்கிற வேன் கூரைல பேனல் 60, 65 டிகிரிக்குப் போறது சாதாரணம், ஒரு டிகிரி ஏறினா 0.3 லேர்ந்து 0.4 சதவீதம் வரைக்கும் கொறையும், அப்படிப் பாத்தா 65 டிகிரில பதினாலு சதவீதம் கிட்ட அங்கேயே போயிடுது. போதாததுக்கு வேன் கூரைல பேனல் படுத்த நிலைல இருக்கு, சூரியன் பக்கம் சாய்க்க வழியில்ல, தூசி படியும், பறவை எச்சம் போடும், ஒயர்லயும் கொஞ்சம் நஷ்டம் உண்டு. நாள் பூராவும் விழுற வெளிச்சத்த உச்சி வெயில் கணக்குக்கு மாத்தினா 5 மணி நேரம் தேறுற நல்ல வெயில் நாள்ல பேப்பர்ல 5 யூனிட் வரணும் (1000 வாட் ஒரு மணி நேரம் வந்தா ஒரு யூனிட்), கைக்கு வர்றது மூணரை, ரொம்ப நல்லா இருந்தா 4 யூனிட். மேகமூட்டமா இருந்தா இதுல பாதி வந்தாலே பெருசு.

இப்ப வேன் பக்கம் வாங்க. பெரிய எலக்ட்ரிக் வேன் லோடோட ஓடும்போது கிலோமீட்டருக்கு 0.3 யூனிட் வாக்குல குடிக்கும். அப்ப 4 யூனிட்டும் ஒரு துளி சிந்தாம பேட்டரிக்குப் போச்சுன்னா கூட 13 கிலோமீட்டர்தான். ஃபோர்டு இ-டிரான்சிட் 2022ல வந்தப்ப அதோட பேட்டரில பயன்படுத்தக்கூடிய அளவு 68 யூனிட், அத காலியிலேர்ந்து கூரை வெயில மட்டும் நம்பி நிரப்பணும்னா பதினேழு நல்ல வெயில் நாள் வண்டி அசையாம நிக்கணும். இதக் கேட்டுட்டு சோலாரே வேஸ்ட்னு முடிவுக்கு வந்துடாதீங்க, அப்படி சொல்றதுக்காக நான் இத எழுதல. தினமும் பத்து பன்னெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடிட்டு மிச்ச நேரம் வெட்டவெளில நிக்கிற வண்டிக்கு இது பெரிய விஷயம், வருஷத்துக்கு 1000 யூனிட் தேத்தினாலும் 3000 கிலோமீட்டருக்கு மேல வருது. தினம் 200 கிலோமீட்டர் ஓடுற டெலிவரி வண்டிக்கு அதே பேனல் ஒப்புக்குத்தான்.

இங்கதான் சிலர், கார் ஒண்ணு வெயில்லயே 70 கிலோமீட்டர் ஓடுச்சாமே, வேன் ஏன் ஓடாதுன்னு கேப்பாங்க. அவங்க சொல்றது லைட்இயர் 0, நெதர்லாந்து கம்பெனி செஞ்ச கார். அதுலயும் பேனல் 5 சதுர மீட்டர்தான், சக்தியும் ஒரு கிலோவாட் சொச்சம்தான், நம்ம வேன் கூரைல வர்ற அதே அளவு. நல்ல வெயில் நாள்ல 70 கிலோமீட்டர் வரைக்கும்னு அவங்க சொன்னாங்கன்னா, அதுக்குக் காரணம் அந்தக் கார் கிலோமீட்டருக்கு 0.1 யூனிட்தான் குடிக்கும், காத்த கிழிச்சிட்டுப் போற மாதிரி உடம்ப செதுக்கியிருந்தாங்க. வேன் அதவிட மூணு மடங்கு குடிக்குது, பொட்டி மாதிரி முகத்த வெச்சுக்கிட்டு காத்த தள்ளிக்கிட்டுப் போகுது, அப்புறம் எப்படி ஓடும்? அந்தக் காரோட தயாரிப்பும் 2022 கடைசில ஆரம்பிச்சு 2023 ஜனவரியிலேயே நின்னு போச்சு. ஜெர்மனில சோனோ மோட்டார்ஸும் சியான்னு ஒரு சோலார் கார் திட்டத்த வருஷக்கணக்கா வளர்த்துட்டு 2023 பிப்ரவரில கைவிட்டுட்டு, பஸ், டிரக்குக்கு பேனல் செய்ற வேலைக்குப் போயிட்டாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்ச வண்டி ஸ்டெல்லா வீட்டா. நெதர்லாந்துல ஐந்தோவன் டெக்னிக்கல் யுனிவர்சிட்டி மாணவர்கள் 2021ல கட்டுன கேம்பர், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போற வண்டி, அதுலயே ஐரோப்பா வழியா ஸ்பெயின் தெற்கு முனைல இருக்கிற தரிஃபா வரைக்கும் போனாங்க. அவங்க செஞ்ச புத்திசாலித்தனம் என்னன்னா வண்டி நின்னதும் கூரை மேல எழும்பி ரெண்டு பக்கமும் பேனல் விரியும், மொத்தம் 17.5 சதுர மீட்டர். அதாவது ஓடும்போது கெடைக்கிற வெயில விட நிக்கும்போது கெடைக்கிற வெயில்தான் முக்கியம்னு புரிஞ்சு செஞ்சிருக்காங்க. வேன்காரங்க இதுல கத்துக்க வேண்டியது நெறைய இருக்கு, கூரைல ரெண்டு பேனல இழுப்பறை மாதிரி வெளிய இழுக்குற அமைப்பு வெச்சா நிறுத்தி வேலை பாக்குற வண்டிக்கு வரவு ஒண்ணரை ரெண்டு மடங்காகும், அடிக்கிற வெயிலுக்கு பக்கத்துல நிழலும் கெடைக்கும். ஆனா காத்து அடிச்சா உடனே உள்ள தள்ளுற ஒழுக்கம் வேணும்.

இப்ப யாருமே எழுதாத விஷயத்துக்கு வர்றேன், இந்தக் கடிதமே இதுக்காகத்தான். கூரைல கரண்ட் வந்துடுச்சு சரி, அத வண்டியோட பெரிய பேட்டரிக்குள்ள எந்த வழியா அனுப்புறது? பெரிய பேட்டரி 400 வோல்ட் வாக்குல இருக்கு, பேனல் ஒண்ணு 40 வோல்ட் வாக்குல குடுக்குது. நேரா குத்துறதுக்கு வண்டில சாக்கெட் கெடையாது. அதனால இப்ப எல்லாரும் பண்றது சுத்துவழி. பேனல்லேர்ந்து எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனல்லேர்ந்து முடிஞ்ச அளவு கரண்ட இழுத்து பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற பொட்டி), அங்கேருந்து தனியா ஒரு சின்ன லித்தியம் பேட்டரி, அங்கேருந்து இன்வெர்ட்டர், டிசி கரண்ட, அதாவது பேட்டரில இருக்கிற ஒரே திசை கரண்ட, வீட்டுல வர்ற ஏசி கரண்டா ஆக்குறாங்க, அப்புறம் அத வண்டியோட சார்ஜிங் சாக்கெட்ல சொருகுறாங்க, வண்டிக்குள்ள இருக்கிற சார்ஜர் அந்த ஏசிய திரும்பவும் டிசி ஆக்கி பேட்டரிக்கு அனுப்புது. ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் ஒழுகும். சின்ன பேட்டரில 5 சதவீதம், இன்வெர்ட்டர்ல 10, வண்டி சார்ஜர்ல 10 லேர்ந்து 12ன்னு வெச்சாலே 4 யூனிட் 3 யூனிட் ஆயிடுது.

அந்த நடுவுல இருக்கிற பேட்டரிய விட்டுட்டு நேரா பேனல் - இன்வெர்ட்டர் - சார்ஜர்னு போனா என்னன்னு கேக்கலாம். போக முடியாது. ஏசி சார்ஜிங் விதிப்படி ஒரு வண்டி இழுக்கக்கூடிய கொறஞ்ச அளவு 6 ஆம்பியர், 230 வோல்ட்ல அது 1380 வாட். நம்ம கூரையோட உச்ச அளவே 1000 வாட். ஒரு மேகம் வந்தா 300 வாட். சார்ஜர் ஆரம்பிக்கும், கரண்ட் பத்தாம விழும், திரும்ப ஆரம்பிக்கும், இப்படி ஆன் ஆஃப் ஆகிட்டே இருந்தா உள்ள சுவிட்ச் மாதிரி வேலை செய்ற ரிலே தேய்ஞ்சு போகும். அதனால சின்ன பேட்டரில சேத்து வெச்சு, நெறைஞ்சதும் ஒரே மூச்சுல 2 கிலோவாட்ல தள்ளி விடுறதுதான் இப்போதைக்கு உருப்படியான வழி.

ஒரே மூச்சுலன்னு ஏன் சொல்றேன்னா, எலக்ட்ரிக் வண்டி சார்ஜ் ஆகும்போது சும்மா தூங்கிட்டு சார்ஜ் ஆகுறதில்ல. கம்ப்யூட்டருங்க முழிக்கும், பெரிய கான்டாக்டர், அதாவது பெரிய பேட்டரிய வண்டியோட இணைக்கிற சுவிட்ச், இழுத்துப் புடிச்சிட்டு நிக்கும், கூலிங் பம்ப் ஓடும். பல வண்டிகள்ல இதுக்கு மட்டுமே 100 லேர்ந்து 300 வாட் வரைக்கும் போகுது. வீட்டு சார்ஜர்ல 7000 வாட் வரும்போது 200 வாட் போனா யாருக்கும் தெரியாது, கூரைல 400 வாட் வர்ற நேரத்துல 200 வாட் போனா பாதி போச்சு. 2 கிலோவாட்ல ரெண்டு மணி நேரம் தள்ளினாலும் இந்த முழிப்புச் செலவுல 0.4 யூனிட் கழியும். கடைசில பேட்டரிக்குள்ள போய் உக்காருறது 2.6 யூனிட், 9 கிலோமீட்டர் தேறாது. 13ன்னு ஆரம்பிச்ச கணக்கு 9க்குக் கீழ வந்து நிக்குது, இதுல வெயிலோட தப்பும் இல்ல பேனலோட தப்பும் இல்ல, வண்டி செய்றவங்க ஒரு வாசல் வைக்காம விட்டதுதான் காரணம்.

இந்த இடத்துல ஒண்ணு அழுத்தி சொல்லணும். வாசல் இல்லன்னு நாமளே 400 வோல்ட் பக்கம் கை வைக்கக் கூடாது. வீடியோ பாத்துட்டு பெரிய பேட்டரியோட ஆரஞ்சு கேபிள அறுத்து, வோல்ட்ட ஏத்துற பூஸ்ட் கன்வெர்ட்டர் போட்டு இணைக்கலாமான்னு கேக்குறவங்க இருக்காங்க. வேணாம், தயவுசெஞ்சு வேணாம். வீட்டு ஏசி கரண்ட் ஒரு செகண்டுக்குப் பல தடவை பூஜ்யத்த தொட்டுட்டு வரும், அதனால சுவிட்ச்ல பொறி வந்தாலும் அணைஞ்சிடும், டிசி பூஜ்யத்துக்கு வராது, பொறி நீண்டு வளைஞ்சு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, பேட்டரிய காவல் காக்குற பிஎம்எஸ்சுக்குத் தெரியாம உள்ள கரண்ட் போனா எப்ப நிறுத்தணும்னு யாருக்கும் தெரியாது. வாரன்டி போறது அப்புறம், உயிர் முதல்ல. சின்ன பேட்டரி பக்கத்துலயும் பேட்டரிய ஒட்டியே ஃப்யூஸ், பேனல் லைனுக்கு கைக்கு எட்டுற எடத்துல டிசி ஐசொலேட்டர் (பேனல் லைன துண்டிக்கிற சுவிட்ச்), இது ரெண்டும் இல்லாம யாராவது மாட்டிக் குடுத்தா வண்டிய எடுக்காதீங்க. வெயில் அடிக்கிற வரைக்கும் பேனல்ல கரண்ட் இருந்துக்கிட்டேதான் இருக்கும், மெயின் சுவிட்ச் ஆஃப் பண்ணாலும் பேனல் வரைக்கும் உயிரோடதான் இருக்கும்.

அப்ப கூரை சோலார் எதுக்குத்தான் சரியா வரும்? வண்டிக்குள்ள நடக்குற வேலைக்கு. நான் மாட்டிக் குடுத்ததுலயே ரொம்ப திருப்தியா இருக்கிறவங்க இவங்கதான். ஃப்ரிட்ஜ், லைட்டு, ஃபேன், லேப்டாப், டிரில்லிங் மெஷினுக்கு சார்ஜ், இதுக்கெல்லாம் பெரிய பேட்டரிலேர்ந்தே கரண்ட் எடுக்குற வசதி பல புது வேன்கள்ல வந்துடுச்சு, நல்ல வசதிதான், ஆனா அதுலயும் வண்டி முழிச்சிட்டு இருக்கணும். சின்ன 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் சராசரியா 30, 40 வாட்தான் இழுக்கும், அதுக்காக வண்டி 200 வாட்ட தனக்குன்னு எடுத்துக்குது, ராத்திரி பகல்னு 24 மணி நேரம் விட்டா 4.8 யூனிட் சும்மா கரையுது, ஃப்ரிட்ஜ் குடிச்சது ஒரு யூனிட்டுக்கும் கீழ. இதுக்கு கூரைல 400 வாட் பேனல், தனியா ஒரு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, நடுவுல எம்பிபிடின்னு போட்டுட்டா ஏசி ஆக்கி டிசி ஆக்குற கூத்தே கெடையாது, வண்டி நிம்மதியா தூங்கும், அந்த 4.8 யூனிட் மிச்சம், அதுவே 16 கிலோமீட்டர். பாத்தீங்களா, பெரிய பேட்டரிக்கு கரண்ட் அனுப்புறத விட பெரிய பேட்டரிலேர்ந்து எடுக்காம இருந்ததுல கிலோமீட்டர் அதிகமா கெடைக்குது. மருந்து, தடுப்பூசி குளிர்ல வெச்சு எடுத்துட்டுப் போற வேன், நடமாடும் லேப், நடமாடும் நூலகம், இவங்கெல்லாம் கண்ண மூடிக்கிட்டு இத செய்யலாம்.

வண்டியோடவே வர்ற 12 வோல்ட் பேட்டரியையும் மறக்கக் கூடாது. பெரிய பேட்டரி முழுசா நெறைஞ்சிருந்தாலும் இந்த 12 வோல்ட் பேட்டரி செத்துப் போச்சுன்னா கான்டாக்டர் இழுக்காது, வண்டி நகராது. வாரக்கணக்குல நிறுத்தி வைக்கிற வேனுக்கு 50 வாட் பேனல் ஒண்ணு இந்தத் தலைவலிய தீர்த்துடும்.

மாட்டுறதுலயும் ரெண்டு வார்த்தை. லேசா வளையுற பேனல கூரைல பசை போட்டு ஒட்டுனா எடை கொறைவு, காத்து புடிக்காது, பாக்கவும் நல்லா இருக்கும், ஆனா அடில காத்து போகாததால தகரத்தோட தகரமா கொதிக்கும், ஆயுசும் கொறைச்சல். கண்ணாடி பேனல் 400 வாட்டுக்கு 20 கிலோவுக்கு மேல வரும், 1000 வாட்டுக்கு பேனல் மட்டுமே 50, 55 கிலோ, ஃப்ரேம் தனி. வண்டி ஓடும்போது கூரை தாங்குற எடை எவ்வளவுன்னு வண்டி புத்தகத்துல போட்டிருப்பாங்க, அத பாக்காம மாட்டாதீங்க. ரெண்டு மூணு விரல் இடைவெளி விட்டா பேனலும் சூடு தணியும், வண்டிக்குள்ளயும் சூடு கொறையும், கூரைக்கு குடை புடிச்ச மாதிரி. ஆனா முன்விளிம்புல காத்து உள்ள நுழையாம தடுப்புத் தகடு கட்டாயம் வேணும், வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட விசை நாலு மடங்காகும். காத்துத் தடையால வண்டியோட செலவு வெறும் 3 சதவீதம் கூடினாலே 200 கிலோமீட்டர் ஓடுற நாள்ல 1.8 யூனிட் போயிடுது, கூரைல சம்பாதிச்சதுல பாதிய காத்து தின்னுடுது. அதனாலதான் நெடுஞ்சாலைல பறக்குற வண்டிக்கு நான் பேனல் போடச் சொல்றதில்ல, கேட்டு வந்தாலும் கணக்க காட்டித் திருப்பி அனுப்பிடுவேன்.

நிழல் விஷயம் பலபேருக்குத் தெரியல. சாதாரண பேனல்ல 60 செல் வாக்குல வரிசையா கோத்திருக்கும், ஒரே ஒரு செல் மேல ஏசி யூனிட் நிழலோ ஆன்டெனா நிழலோ இலையோ விழுந்தா கூட, பைபாஸ் டயோடு அந்தப் பகுதியையே ஒதுக்கிடும், மூணுல ஒரு பங்கு காலி. கூரைல எத எங்க வைக்கிறதுன்னு பேப்பர்ல வரைஞ்சு பாத்துட்டு மாட்டுங்க. நிழல் விழுற பேனலுக்கு தனி கன்ட்ரோலர் குடுத்துட்டா அது மத்த பேனலயும் சேத்து இழுத்துட்டுப் போகாது.

சொந்தமா கட்டிடக் கூரை இருக்கிறவங்க முதல்ல அங்க போடுங்க, அப்புறம் வேன் கூரைய பத்தி யோசிக்கலாம். அதே பேனல் அங்க சரியான சாய்வுல நிக்கும், குலுங்காது, நிழல்ல போய் நிக்க வேண்டி வராது, இருபத்தஞ்சு வருஷம் உழைக்கும், எடத்துக்கும் பஞ்சம் இல்ல. வேன் கூரை, போற எடத்துல பிளக் கெடைக்காதவங்களுக்கும், வண்டிய நிறுத்திட்டு வண்டிக்குள்ளயே வேலை பாக்குறவங்களுக்கும்.

ஆசிரியர் அவர்களே, வண்டி கம்பெனிகள்கிட்ட நாங்க கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. கூரைக்குப் பக்கத்துல ஒரு சோலார் சாக்கெட், 2 கிலோவாட் வரைக்கும் வாங்குற சின்ன டிசி கன்வெர்ட்டர், அது வேலை செய்றப்ப பிஎம்எஸ்சும் கான்டாக்டரும் மட்டும் முழிச்சிருந்து மத்ததெல்லாம் தூங்குற ஒரு ஏற்பாடு, கூரைல போல்ட் போட ரெடியா நாலோ ஆறோ புள்ளி. டொயோட்டா, ஹூண்டாய் மாதிரி கம்பெனிகள் சோலார் கூரை வெச்சே கார் வித்திருக்காங்க, அப்ப இந்தத் தொழில்நுட்பம் அவங்ககிட்ட இல்லாம இல்ல. கார விட வேனுக்குத்தான் கூரை பெருசு, வெயில்ல நிக்கிற நேரமும் அதிகம், ஆனா வேனுக்கு இத பெருசா யோசிக்க மாட்டேங்குறாங்க. அடுத்த தடவ உங்க நிருபர் எலக்ட்ரிக் வேன் ஒண்ண ஓட்டிப் பாத்து எழுதும்போது இந்த மூணு கேள்விய கேட்டு பதில போடச் சொல்லுங்க: கூரை எவ்வளவு எடை தாங்கும், சார்ஜ் ஆகும்போது வண்டி தனக்குன்னு எத்தனை வாட் எடுத்துக்குது, வெளிய இருந்து கொறஞ்ச அளவு டிசி கரண்ட் வாங்குற வழி இருக்கா இல்லையா.

இப்படிக்கு,
வண்டி வயரிங் வேலை பார்க்கும் வாசகர்